கதவு எண் 5432

மாரிக்குப்பத்தில் புறப்படும் காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் அன்றைய பொழுதில் பாதி ஜெயித்த மாதிரி. சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று ரயில் நின்று நின்று போகும். ஒவ்வொரு நிலையத்திலும் சாப்பாட்டுப் பையோடு கூட்டம் ஏறும். பங்காருப்பேட்டை வருவதற்குள் கால் வைக்க இடமிருக்காது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்க வயலுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இந்த ரயில்தான். பாட்டன் காலத்தில் பூமிக்குள் இறங்கிப் பிழைத்த ஊர், பேரப் பிள்ளைகள் காலத்தில் பெங்களூருக்குப் போய்வந்து பிழைக்கிறது.

அவளுக்கு அன்று ஜன்னலோர இடம். மடியில் லேப்டாப். வயது இருபத்தேழு. பெங்களூருக்கு வெளியே மூன்று பெரிய கிடங்குகள் நடத்தும் ஒரு நிறுவனத்தில், எண்களைக் கூட்டிக் கழித்துப் படமாக வரைந்து காட்டுவது வேலை. முதல் நாள் மாலை மேலதிகாரி சொல்லியிருந்தார்: "மூன்று கிடங்கின் வருகைப் பதிவும் எனக்கு ஒரே திரையில் வேண்டும். வாரக் கடைசிக்குள்."

கேட்க எளிமையான வேலைதான். வருகைப் பதிவு டேட்டாபேஸில் இருக்கிறது. படம் வரையும் மென்பொருள் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க வேண்டும். இணைப்புக்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் முக்கியமாக ஐந்து கட்டங்கள். டேட்டாபேஸ் இருக்கும் கணிப்பொறியின் முகவரி, அது காது கொடுத்துக் கேட்கும் கதவின் எண், டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்ட். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு வழக்கமான கதவு எண் 5432. ஐந்தையும் நிரப்பி, 'சோதித்துப் பார்' என்ற பொத்தானைத் தட்டினாள்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாலூர் தாண்டியதும் பதில் வந்தது: நேரம் கடந்துவிட்டது.

இந்தத் தொழிலில் புதிதாக வருபவர்கள் பிழைச் செய்தியைக் கண்டால் பதறுவார்கள். பழகியவர்களுக்கு அது ஒரு தடயம். எவ்வளவு தூரம் போய் நின்றோம் என்பதை அது சொல்லிவிடும். லைன் வீட்டில் வளர்ந்தவளுக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. தட்டியும் சத்தமே வராமல் நேரம் கடந்தால், பெரும்பாலும் தெருமுனையிலேயே காவல்காரன் மறித்துவிட்டான் என்று அர்த்தம். உன் முகவரி அவன் பட்டியலில் இல்லை. 'மறுக்கப்பட்டது' என்று உடனே பதில் வந்தால் வீடு வரை போய்விட்டாய், ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை. 'பாஸ்வேர்ட் தவறு' என்றால் ஆள் இருக்கிறார், உன்னை நம்பவில்லை. 'இந்த அட்டவணைக்கு அனுமதி இல்லை' என்றால் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்கள், சமையலறைக்குள் விடவில்லை.

அன்று அவள் பார்த்தது முதல் வகை. அலுவலகம் போய், சர்வரைக் கவனிப்பவரிடம் சொல்லி, படம் வரையும் மென்பொருளின் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்த்ததும் காவல்காரன் வழி விட்டான். அடுத்து பாஸ்வேர்ட் தகராறு. நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம்தான் காரணம். அதுவும் சரியானது. மத்தியானம் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது: இணைப்பு வெற்றி.

அவளுடைய தாத்தா சாம்பியன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இந்தப் படிவத்தை அவரிடம் விளக்கியிருந்தால் உடனே பிடித்துக்கொண்டிருப்பார். சாம்பியன் ரீஃப் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை இயக்கும் டிரைவர் மேலே எஞ்சின் வீட்டில் இருப்பார். கூண்டுக்குள் யார், எத்தனை பேர் என்று அவர் கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தம்தான் பேச்சு. இத்தனை மணி என்றால் ஏற்று, இத்தனை என்றால் இறக்கு, இது சரக்கு, இது ஆள். மேலும் கீழும் ஒரே கணக்கை ஒப்புக்கொண்டிருந்தால்தான் கூண்டு நகரும். இரண்டு கணிப்பொறிகள் பேசிக்கொள்வதும் அதே ஒழுங்குதான்.

பச்சை வரி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அப்போதுதான் ஆரம்பம்.

முதல் கிடங்கின் அட்டவணையில் தொழிலாளியின் எண் '0147' என்று இருந்தது. இரண்டாம் கிடங்கின் அட்டவணையில் அதே ஆளுக்கு வெறும் '147'. யாரோ ஒருவர் எப்போதோ அதை எழுத்தாக வைக்காமல் எண்ணாக மாற்றியிருக்கிறார். முன்னால் இருந்த பூஜ்யம் உதிர்ந்துவிட்டது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மென்பொருளுக்கு வேறு வேறு. முதல் கிடங்கிலிருந்து இரண்டாம் கிடங்குக்கு மாற்றப்பட்டு அங்கே முப்பது நாளும் தவறாமல் மூட்டை தூக்கியவர், திரையில் முப்பது நாளும் வராதவராகத் தெரிந்தார். அவள் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த மாதச் சம்பளத்தை அந்தப் பூஜ்யம் தின்றிருக்கும்.

சாயந்திரம் மேலதிகாரி திரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு, "இன்னும் இரண்டு சேர்த்துவிடு" என்றார். ஒன்று, கம்பெனி கிளினிக்கின் டேட்டாபேஸ்: யார் எப்போது என்ன வியாதிக்கு வந்தார்கள் என்ற பதிவு. இன்னொன்று, வேறு கிடங்குகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் கொடுத்த பட்டியல்: அங்கிருந்து நீக்கப்பட்டவர்களின் விவரம். "அடிக்கடி லீவு போடுகிறவன் நிஜமாகவே நோயாளியா, இல்லை வேறு இடத்தில் துரத்தப்பட்டவனா என்று தெரிந்துவிடும், இல்லையா?"

தெரிந்துவிடும்தான். எல்லா இடத்திலும் நுழைவாயிலில் கட்டைவிரல் வைத்துத்தான் உள்ளே போகிறார்கள். அதன் மூலம் கிடைத்த அடையாள எண் மூன்று பட்டியலிலும் இருக்கிறது. இன்னும் இரண்டு முறை அதே ஐந்து கட்டங்களை நிரப்பினால் போதும். "நாளைக்குச் செய்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

வீட்டில் ஆயா முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தார். ரேஷன் கடையில் அன்று அவர் விரல் ஏறவில்லை. எண்பதைத் தாண்டிய விரல். பாத்திரமும் விறகும் சாணியும் தேய்த்த ரேகை. எந்திரம் மூன்று முறை உதட்டைப் பிதுக்கியிருக்கிறது.

"அரிசி வாங்கறதுக்கு எத்தினி வாட்டிதான் கை வெக்கறது கண்ணு? இந்த ஊர்ல கை வெக்க மாட்டோம்னு வேலைக்கே போவாம நின்னாங்க, தெரியுமா உனக்கு? என் மாமனாரும் நின்னாரு" என்றார்.

அவளுக்குத் தெரியாது. ஆயா சொன்னது 1930ஆம் வருஷத்துக் கதை.

ஆயா சொன்னது முழுவதும் ஊர்க்கதை அல்ல, சரித்திரம். தங்க வயலை அப்போது நடத்தியது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த, பெரும்பாலும் தலித் மக்களான தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று கம்பெனிகள் தனித்தனி. ஓரிடத்தில் சண்டை வந்தால் இன்னோரிடத்தில் வேலை தேடிக்கொள்ளலாம். ஒப்பந்தத் தொழிலாளிகளின் மணிக்கட்டில் எண் பொறித்த உலோக வில்லை ஒன்று கட்டப்பட்டது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'தாயத்து'. பேய் அண்டாமல் இருக்கக் கட்டுகிற பொருளின் பெயரை அதற்கு வைத்தவர்களின் கசப்பும் கிண்டலும் இன்றைக்கும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆனாலும் தாயத்து ஒரு வில்லைதான், கழற்றிவிடலாம். பெயரையும் மாற்றிச் சொல்லலாம். முனுசாமி என்று எத்தனையோ பேர் இருந்த ஊரில் எந்த முனுசாமி என்று எந்தத் துரைக்குத் தெரியும்? தங்கம் திருடு போகிறது என்ற கவலையும், துரத்தப்பட்டவன் வேறு பெயரில் வந்துவிடுகிறான் என்ற கவலையும் நிர்வாகத்துக்கு இருந்தன. இரண்டுக்கும் விடை கைரேகை. தொழிலாளிகளைக் கைரேகையுடன் பதிவு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. 1930 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். சுமார் மூன்று வாரம் சுரங்கங்கள் முடங்கின. வயல் முழுவதும் பரவிய முதல் பெரிய வேலைநிறுத்தம் அது. அதே மாதம் 6ஆம் தேதி காந்தி தண்டியில் உப்பை அள்ளினார். நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, தங்க வயலில் பேச்செல்லாம் கட்டைவிரலைப் பற்றியதாக இருந்தது.

கட்டைவிரலில் மை தடவுவதற்கு இவ்வளவு எதிர்ப்பா என்று இன்றைக்குத் தோன்றலாம். அந்த ஜனங்களுக்குக் கைரேகை யாருடைய சங்கதி என்று தெரிந்திருந்தது. உலகத்தின் முதல் கைரேகை அலுவலகம் 1897ல் கல்கத்தாவில் திறக்கப்பட்டது. அங்கே சேர்த்து வைத்தது குற்றவாளிகளின் ரேகைகளை. அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளின் மூளை உழைப்பில் உருவான வகைப்பாட்டு முறைக்கு அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்தது. ரேகைகளை 1,024 வகையாகப் பிரித்து அறை அறையாக அடுக்கும் முறை அது. குவியலில் ஒரு விரலைத் தேட ஆயுள் போதாது. அறை எண் தெரிந்தால் சில நிமிடம் போதும். கணிப்பொறி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு டேட்டாபேஸ் மர அலமாரியில் உட்கார்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே விரல் தகராறு நடந்தது. டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துத்தான் 1906ல் காந்தியின் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். ஆனால் 1908 தொடக்கத்தில் அரசோடு ஒரு சமரசம் ஏற்பட்டு, கட்டாயம் இல்லை என்றால் விரும்பியே ரேகை தருகிறேன் என்று காந்தி கிளம்பினார். துரோகம் என்று கோபித்து மிர் ஆலம் என்ற பட்டாணியர் அவரை நடுத்தெருவில் அடித்து வீழ்த்தினார். சட்டம் நீக்கப்படவில்லை என்று தெரிந்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவுச் சான்றிதழ்கள் ஜோகன்னஸ்பர்க் மசூதித் திடலில் கொப்பரையில் போட்டு எரிக்கப்பட்டன. காந்திக்குச் சண்டை மையோடு அல்ல, கட்டாயத்தோடு. கேட்டால் தருவேன், பிடுங்கினால் தர மாட்டேன்.

அன்றிரவு அவளுக்குச் சட்டென்று தூக்கம் வரவில்லை. ஆயாவின் மாமனார் எதை எதிர்த்து நின்றார் என்பதை அவளுடைய தொழிலின் பாஷையில் சொன்னால் ஒரே வரிதான். தனித்தனியாக இருந்த அட்டவணைகளை ஒரு பொதுவான எண்ணால் இணைக்காதே என்று நின்றார். மைசூர்ச் சுரங்கத்தில் நடந்தது நந்திதுர்க் வாசலில் காத்திருக்கக் கூடாது என்று நின்றார். அதைத்தான் நாளைக்கு அவள் இரண்டு படிவங்களில் முடிக்கப் போகிறாள். கிடங்கில் மூட்டை தூக்கும் யாரும் வேலைநிறுத்தம் செய்யப்போவதில்லை. இணைப்பு நடந்தது என்பதே அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. 1930க்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அன்றைக்கு விரலை நீட்டச் சொன்னால்தான் காரியம் நடக்கும். இன்றைக்கு விரல் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

அப்படியானால் இணைப்பே பாவமா? அதற்கும் தங்க வயலிலேயே பதில் இருக்கிறது. பாறைத் தூள் நுரையீரலில் படிந்து ஆளைக் கொல்லும் சிலிகோசிஸ் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1940களில், இங்கேதான். சோதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. எப்படித் தெரிந்தது? சுரங்கத்தில் எத்தனை வருஷம் வேலை செய்தார் என்பதையும் நெஞ்சு எக்ஸ்-ரே என்ன காட்டுகிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இருமலுக்கும் சுரங்கத்துக்கும் உள்ள உறவு தெரியும். அதுவும் இணைப்புதான். மேலதிகாரி கேட்டதும் ஏறக்குறைய அதே இணைப்பு: வேலைப் பதிவு ஒரு பக்கம், வைத்தியப் பதிவு ஒரு பக்கம். ஒன்று நோயைக் கண்டுபிடிக்கும், மற்றொன்று நோயாளியைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பும். என்ன கேள்விக்காக, யார் சம்மதத்தோடு என்பதில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன.

நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வழக்குக்குத் தன் பெயரைத் தந்த கே.எஸ். புட்டசாமி, பெங்களூரில் வாழ்ந்த ஓய்வு பெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி. 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டமும் நிறைவேறியது. சொன்ன காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது இப்படிப்பட்ட சட்டங்களின் அடிநாதம். ஆனால் சட்டம் ஒவ்வொரு மேஜைக்கும் வந்து உட்கார முடியாது. மேஜையில் இருப்பது ஐந்து கட்டங்கள் கொண்ட படிவமும், அதை நிரப்புகிற ஒரு ஆளும்தான்.

மறுநாள் அவள் மூன்று காரியம் செய்தாள். மூன்றும் எந்தத் தேர்ந்த தொழிலாளியும் செய்ய வேண்டியவைதான், அதிசயம் ஒன்றும் இல்லை.

முதலாவதாக, சர்வர் நிர்வாகிக்கான எல்லா அதிகாரமும் கொண்ட கணக்கில் இணைப்பதை நிறுத்தினாள். அவசரத்துக்கு எல்லோரும் செய்யும் தப்பு அது. படம் வரையும் மென்பொருளுக்குத் தனிக் கணக்கு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அதனால் படிக்க மட்டும் முடியும். எழுத, மாற்ற, அழிக்க முடியாது. வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவரிடம் பீரோச் சாவி எதற்கு?

இரண்டாவதாக, கிளினிக் அட்டவணையை அப்படியே திறந்துவிடாமல், அதன் மேல் ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னாள். டேட்டாபேஸ்காரர்கள் இதை வியூ என்பார்கள். பின்னால் முழு அட்டவணையும் இருக்கும். ஜன்னல் வழியே தெரிவது நாம் அனுமதித்தது மட்டும். எந்தக் கிடங்கு, எந்த ஷிப்ட், எந்த மாதம், எத்தனை பேர் என்ற கூட்டுத் தொகை தெரியும். பெயர் தெரியாது, எண் தெரியாது. பத்துப் பேருக்குக் குறைவான குழு என்றால் தொகையும் தெரியாது. மூன்றே பேர் உள்ள இரவுக் காவல் பிரிவில் ஒருவருக்குக் காசம் என்று போட்டால், பெயர் போடாவிட்டாலும் பெயர் போட்ட மாதிரிதானே.

மூன்றாவதாக, ஒப்பந்தக்காரரின் நீக்கப்பட்டோர் பட்டியலை இணைக்கவில்லை. ஏன் இணைக்கவில்லை என்பதைப் பணிவாக, எழுத்தில் கேள்வியாக அனுப்பினாள். இந்தப் பட்டியலை வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறதா? இதில் உள்ளவர்கள் சம்மதித்திருக்கிறார்களா? தவறாகப் பெயர் சேர்ந்திருந்தால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்? உதிர்ந்து போன பூஜ்யத்தின் கதையையும் சேர்த்து எழுதினாள். நம்முடைய சொந்தப் பதிவிலேயே வேலைக்கு வந்தவர் வராதவராகத் தெரிந்தார். அடுத்தவர் கொடுத்த பட்டியலை நம்பி ஒருவரை எப்படி நிறுத்துவது?

மேலதிகாரி திரையை வெகுநேரம் பார்த்தார். "பெயர் இல்லாமல் இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?"

"மூன்றாம் கிடங்கு இரவு ஷிப்டில் மட்டும் முதுகு வலி என்று வருகிறவர்கள் மற்ற இடங்களைவிட அதிகம், சார். லீவும் அங்கேதான் அதிகம். ஆளை மாற்றினால் தீராது. அங்கே தள்ளுவண்டி போதவில்லையோ என்னவோ."

அவர் 'ம்' என்றார். ஒப்புக்கொண்ட 'ம்' அல்ல, மறுத்த 'ம்' அல்ல. தள்ளுவண்டி விஷயத்தைக் குறித்துக்கொண்டார். பட்டியல் விஷயம் சட்டப் பிரிவுக்குப் போகட்டும் என்றார். அங்கிருந்து என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியாது. நாளைக்கே வேறு ஒருவர் அதே ஐந்து கட்டங்களை நிரப்பிவிடவும் கூடும். ஆனால் கேள்வி எழுத்தில் இருக்கிறது. இனி யாரும் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

அந்த வாரச் சனிக்கிழமை ஆயாவோடு அவளும் ரேஷன் கடைக்குப் போனாள். சயனைட் மேட்டுப் பக்கமிருந்து வெள்ளைத் தூசி பறந்துகொண்டிருந்தது. ஆயாவின் விரலை ஈரத் துணியால் துடைத்து, முந்தானையில் ஒற்றி, கண்ணாடியின் மேல் மெல்ல அழுத்திப் பிடித்தாள். முதல் முறை இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. எங்கோ தொலைவில் ஒரு கதவு, இவர் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை பச்சை விளக்கு எரிந்தது. கடைக்காரர் அரிசியை அளந்தார்.

"இப்போ நான் நான்தான்னு ஒத்துக்கிச்சா?" என்று கேட்டார் ஆயா.